ஆறு பேருக்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் வேண்டுமா?

கேள்வி: மே மாதக் கடைசியில் சிங்கப்பூர் போகலாம் என்று வீட்டில் பேச்சு. நான், கணவர், ஒன்பதாவது படிக்கும் மகள், இரண்டாம் வகுப்புக்குப் போகப்போகும் மகன், மாமனார், மாமியார் என ஆறு பேர். திருச்சியிலிருந்து இரவு விமானம், லிட்டில் இந்தியாவில் தங்கல், மொத்தம் நான்கு நாள். இறங்கிய அன்றே, சனிக்கிழமை, யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்கா என்கிறார் கணவர். கூட்டமாக இருக்கும், அதனால் நீண்ட வரிசையில் நிற்காமல் ரைடுகளில் ஏறவிடும் எக்ஸ்பிரஸ் பாஸை ஆறு பேருக்கும் எடுத்துவிடலாம் என்பது அவர் கட்சி. கணக்குப் போட்டால் எனக்குத் தலை சுற்றுகிறது. அத்தைக்கு 67 வயது. சர்க்கரையும் முழங்கால் வலியும் உண்டு. “நான் ரூம்லயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க” என்கிறார். அவர் வந்தால் பையனைப் பார்த்துக்கொள்வார், நாங்கள் பெரிய ரைடுகளில் ஏறலாம் என்றும் ஒரு யோசனை இருக்கிறது. நாங்கள் சைவம். டிக்கெட் எதுவும் இன்னும் எடுக்கவில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, கரூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது ‘டிக்கெட் எதுவும் இன்னும் எடுக்கவில்லை’ என்ற வரிதான். குடும்பங்களுக்குச் சிங்கப்பூர் பயணம் ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். பெரும்பாலானவர்கள் விமானம், ஹோட்டல், பூங்கா என்று எல்லாவற்றுக்கும் பணம் கட்டி முடித்த பிறகுதான் “கூட்டம் இல்லாமல் எப்படிப் பார்ப்பது?” என்று கேட்பார்கள். அப்போது என்னிடம் சொல்வதற்கு அதிகம் இருக்காது. உங்களிடம் நிறைய இருக்கிறது.

முதலில் தேதி. நம் ஊரில் மே முழுவதும் விடுமுறை என்பதால், கடைசி வாரமும் இரண்டாவது வாரமும் நமக்கு ஒன்றுதான். சிங்கப்பூரில் அப்படி இல்லை. அங்கே பள்ளிகளின் நடுவாண்டு விடுமுறை மே மாதக் கடைசி வாரயிறுதியில் தொடங்கி ஜூன் கடைசி வாரம் வரை நான்கு வாரம் போகும். அதாவது, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு லீவு விடுகிற முதல் சனிக்கிழமையைத்தான் உங்கள் கணவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். புத்தர் பிறந்தநாளுக்கு அங்கே விடுமுறை விடும் வெசாக் தினமும் பெரும்பாலும் மே மாதத்தில் வரும். அது வாரயிறுதியை ஒட்டி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சரி, முன்கூட்டிப் போகலாம் என்று மே முதல் வாரத்துக்கும் ஓடாதீர்கள். 1ஆம் தேதி தொழிலாளர் தினம் அங்கேயும் பொது விடுமுறை. சீனாவிலும் அதை ஒட்டிச் சில நாட்கள் லீவு விடுவதால் அந்தப் பக்கத்திலிருந்து வரும் கூட்டம் பெரிது. நடுவில் மே இரண்டாம், மூன்றாம் வாரம் இருக்கிறதே, அதுதான் உங்களுக்கானது. செவ்வாய், புதன், வியாழன் இவற்றில் ஒரு நாள். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: கூட்டம் குறைந்த மாதங்களில் சில வார நாட்களில் பூங்காவையே மூடிவிடுவது உண்டு. நுழைவுச் சீட்டும் தேதி குறித்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் பூங்காவின் சொந்த இணையதளத்தில் அந்த மாத நாட்காட்டியைப் பார்த்து எந்த நாள் என்று முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற விமானத்தை எடுங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உங்கள் எக்ஸ்பிரஸ் பாஸ் கவலையில் பாதி இந்த ஒரு மாற்றத்திலேயே தீர்ந்துவிடும்.

இறங்கிய அன்றே பூங்கா என்பது இன்னொரு சிக்கல். இரவு விமானத்தில் நான்கு மணி நேரம் அரைத் தூக்கம். இறங்கும்போது அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். சிங்கப்பூரில் காலை ஏழு மணி என்றால் உங்கள் மகனின் உடம்புக்கு விடியற்காலை நாலரை. முதல் நாள் தூங்கி எழுந்து, லிட்டில் இந்தியாவிலேயே இருக்கும் தேக்காவைச் சுற்றுங்கள். பூங்காவை இரண்டாவது அல்லது மூன்றாவது நாளுக்கு வையுங்கள். கிளம்பும் நாளுக்கு வேண்டாம். ஈரத்துணியோடு பெட்டி கட்ட நேரும்.

காலையில் சீக்கிரம் எழுவது ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்கிறேன். ஒரு ரைடு மணிக்கு இத்தனை பேரைத்தான் ஏற்றி இறக்க முடியும். அந்தக் கணக்கு காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் ஒன்றேதான். மாறுவது உள்ளே இருக்கும் ஆட்களின் எண்ணிக்கை. கதவு திறக்கும்போது வாசலில் நிற்பவர்கள் மட்டுமே உள்ளே போகிறார்கள். நண்பகலுக்குள் அன்று வர வேண்டியவர்கள் அநேகமாக எல்லோரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். சாயங்காலம் ஆகும்வரை யாரும் கிளம்ப மாட்டார்கள், கொடுத்த காசு அப்படி. ஆகவே பன்னிரண்டிலிருந்து நாலு வரைதான் வரிசைகள் நீண்டு கிடக்கும். அந்த நேரத்தில் ஒரே ஒரு பெரிய ரைடுக்கு நிற்கும் நேரத்தில், திறந்தவுடன் போனால் இரண்டு மூன்றை முடித்துவிடலாம். பெரும்பாலான நாட்களில் காலை பத்து மணிக்குத் திறப்பார்கள். ஒன்பதே காலுக்கு நீங்கள் வாசலில் இருக்க வேண்டும்.

அங்கே போய்ச் சேர்வது சுலபம். லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிறத் தடத்து எம்ஆர்டி மெட்ரோ ரயிலில் ஏறினால், வண்டி மாறாமல் ஹார்பர்ஃபிரண்ட். அது கடைசி நிலையம், தவறவிட வழியில்லை. அங்கிருந்து விவோசிட்டி வணிக வளாகத்தின் மூன்றாம் தளத்துக்குப் போனால், பூங்கா இருக்கும் செந்தோசா தீவுக்குச் செல்லும் செந்தோசா எக்ஸ்பிரஸ் மோனோரயில். முதல் நிறுத்தமே பூங்காவுக்குரியது. வழியெல்லாம் லிஃப்ட் இருப்பதால் அத்தைக்குப் படி ஏறும் வேலை இல்லை. காலைச் சாப்பாட்டை சிராங்கூன் சாலையிலேயே முடித்துவிடுங்கள். கோமள விலாஸ், ஆனந்த பவன் எல்லாம் அங்கேதான்.

வாசலுக்கு வெளியே பெரிய உருண்டை ஒன்று சுழன்றுகொண்டிருக்கும். அதன் முன்னால் படம் எடுக்கக் காலையில் ஒரு கூட்டமே முண்டியடிக்கும், முகத்தில் வெயிலை வாங்கிக்கொண்டு. நீங்கள் நிற்காமல் உள்ளே போய்விடுங்கள். அது வாசலுக்கு வெளியில் இருப்பதால் திரும்பும்போதும் அங்கேயேதான் இருக்கும், அதுவும் விளக்கு வெளிச்சத்தில்.

இப்போது உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு எண்: மகனின் உயரம். இந்த மாதிரிப் பூங்காவில் வயதை யாரும் கேட்பதில்லை, சென்டிமீட்டர்தான் கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 செ.மீ.; ஜுராசிக் பார்க் படகுக்கு 107. இரண்டிலும் 122க்குக் கீழே இருந்தால் பெரியவர் ஒருவர் கூட ஏற வேண்டும். மம்மி ரைடுக்கு 122 கட்டாயம். பேட்டில்ஸ்டார் கேலக்டிகா என்று இரட்டை ரோலர் கோஸ்டர் இருக்கிறது, அதற்கு 125. இரண்டாம் வகுப்புப் பையன் என்றால் அநேகமாக முதல் இரண்டில் ஏறலாம், கடைசி இரண்டில் முடியாது. இன்றைக்கே சுவரோடு நிறுத்தி அளந்துவிடுங்கள். ஏற முடியாதவற்றின் பெயரை ஊரிலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள். வரிசையின் வாசலில் அளவுக்கோல் கம்பம் நிற்கும். அதன் அடியில் ஏதாவது ஒரு பையன் மூச்சை இழுத்துப் பிடித்துக் குதிகாலை மெல்ல உயர்த்துவதும், பணிப்பெண் சிரித்துக்கொண்டே தோளைத் தொட்டு இறக்கிவிடுவதும், பின்னால் அப்பா “ஒரு விரக்கடைதானே” என்று வாதாடுவதும் தினமும் நடக்கிற காட்சி. ஒரு விரக்கடைக்கும் விட மாட்டார்கள். பாதுகாப்புக் கம்பி அந்த உடம்பைப் பிடித்துவைக்குமா என்ற கேள்வி அது, கெஞ்சிப் பயனில்லை.

இனி எக்ஸ்பிரஸ் பாஸ். சாதாரணமாக விற்கிற பாஸில், அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு ரைடிலும் ஒரு தடவை குறுக்கு வரிசையில் போகலாம். விலை நாளுக்கு நாள் மாறும். கூட்ட நாட்களில் நுழைவுச் சீட்டையே மிஞ்சிவிடும். இதை ஆறால் பெருக்குவதற்கு முன், ஆறு பேரும் எதில் ஏறப்போகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அத்தை வேகமான எதிலும் ஏறப்போவதில்லை. மாமா ஒன்றிரண்டில் ஏறலாம். மகனுக்கு இரண்டு பெரிய ரைடுகள் கிடையாது. அந்த நேரத்தில் அவனோடு நீங்கள் கீழே நிற்பீர்கள். முழுதாகப் பயன்படுத்தப்போவது மகளும் அவள் அப்பாவும் மட்டுமே. மீதி நான்கு பாஸ் கைப்பையில்தான் கிடக்கும்.

அவர்கள் இருவருக்குமாவது வேண்டுமா என்றால், மே நடுவில் ஒரு புதன்கிழமை போவதாக இருந்தால் எனக்குத் தேவைப்படாது. காரணம், ‘சிங்கிள் ரைடர்’ என்று ஒரு வரிசை உண்டு. நான்கு பேர் உட்காரும் இடத்தில் மூன்று பேர் குடும்பம் ஏறினால் ஒரு இருக்கை காலியாகுமே, அதை நிரப்பத் தனி ஆட்களை அந்த வரிசையிலிருந்து எடுப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, பேட்டில்ஸ்டார் மூன்றுக்கும் இப்படி ஒரு வழி இருக்கிறது. எக்ஸ்ட்ரா காசு கிடையாது. காத்திருப்பும் பெரும்பாலும் குறைவு. அப்பாவும் மகளும் வேறு வேறு இருக்கையில் உட்கார நேரும், அவ்வளவுதான். ஒன்பதாவது படிக்கும் பிள்ளை அப்பா பக்கத்தில் இல்லாமல் கத்துவதைத்தான் விரும்புவாள் என்பது என் அனுபவம். சில நேரம் அந்த வரிசையை மூடிவைத்திருப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். தேதியை மாற்றவே முடியாது, அந்தச் சனிக்கிழமைதான் என்றால் மட்டும் இரண்டே இரண்டு பாஸ் எடுங்கள். எண்ணிக்கை குறைவாகத்தான் விற்பார்கள், முன்பே இணையத்தில் வாங்கிவிடுவது நல்லது.

மகன் ஏற முடியாத ரைடில் நீங்களும் கணவரும் ஏற ஆசைப்பட்டால் வரிசை வாசலில் இருக்கும் பணியாளரிடம் முதலிலேயே சொல்லுங்கள். ஒருவர் போய்வரும்வரை மற்றவர் குழந்தையோடு காத்திருந்துவிட்டு, மறுபடி முழு வரிசையும் நிற்காமல் மாறி ஏறிக்கொள்ளும் ஏற்பாடு பூங்காக்களில் உண்டு. கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள்.

இதிலிருந்து அத்தை விஷயத்துக்கு வருகிறேன். பையனைப் பார்த்துக்கொள்ள அத்தை இருப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். முழங்கால் வலிக்கிற ஒருவரை முப்பது டிகிரி வெயிலில், பைகளுக்கும் துள்ளுகிற ஒரு பையனுக்கும் காவலாக நாள் முழுக்க ஒரு பெஞ்சில் உட்கார்த்தி வைக்க, விமானச் சீட்டு எடுத்துக் கூட்டிப்போக வேண்டியதில்லை. எதிலும் ஏறாதவருக்கும் நுழைவுச் சீட்டு வாங்கித்தான் ஆக வேண்டும் என்பது வேறு.

அவர் “ரூம்லயே இருக்கேன்” என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற பயம் ஒன்று. இதிலெல்லாம் எனக்கு ஆசையே இல்லை என்பது இன்னொன்று. எது என்று நீங்கள் கேட்பதைவிட உங்கள் மகள் கேட்டால் சரியான பதில் வரும். பயம்தான் காரணம் என்றால், பூங்காவில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். “உங்களுக்கு நாற்காலி” என்று சொன்னால் நம் ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பைகளை மாட்டிக்கொள்ள ஒரு வண்டி என்று வாங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். பதினொரு மணி வெயிலில் தானாகவே உட்காருவார். பூங்கா பெரிதில்லை, சுமார் 20 ஹெக்டேர், நடுவில் ஏரியை வைத்து வட்டமாகச் சுற்றி வருகிற மாதிரி. வாட்டர்வேர்ல்ட் என்று உட்கார்ந்து பார்க்கும் சாகச நிகழ்ச்சி இருக்கிறது: தண்ணீரில் படகு சீறும், நெருப்பு எரியும், ஆள் மேலிருந்து குதிப்பார். ஆறு பேரும் சேர்ந்து பார்க்கக்கூடியது அது. முன்வரிசைகளில் வாளி வாளியாகத் தண்ணீர் வந்து விழும். மகன் அங்கே உட்காரட்டும், நீங்கள் பின்னால் போய்விடுங்கள். காட்சி நேரத்தை உள்ளே நுழைந்ததும் பார்த்து வைத்துக்கொண்டு, கூட்டம் உச்சத்தில் இருக்கும் பிற்பகலுக்கு அதை வையுங்கள்.

நிஜமாகவே ஆசை இல்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். மாமாவும் அத்தையும் காலையில் ஓய்வாக இருந்துவிட்டு, மத்தியானம் ஒரு டாக்சியில் செந்தோசா வரட்டும். பூங்காவுக்குப் பக்கத்திலேயே, நடந்து போகிற தூரத்தில், சிங்கப்பூர் ஓஷனேரியம் இருக்கிறது. பழைய மீன்காட்சியகத்தைப் பெரிதாக்கி 2025 ஜூலையில் திறந்தார்கள். முழுக்க ஏசி, மழையோ வெயிலோ கவலையில்லை. பெரிய கண்ணாடிச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து மீன் பார்த்துக்கொண்டிருக்கலாம். இரண்டு மூன்று மணி நேரம் நிதானமாகப் போகும். சாயங்காலம் அந்த உருண்டை முன்னால் ஆறு பேரும் சேர்ந்துகொள்ளுங்கள். படமும் அப்போதே எடுத்துக்கொள்ளலாம்.

அன்றைய நாளை நான் போட்டால் இப்படித்தான் போடுவேன். பத்து மணிக்குக் கதவு திறந்ததும் இரண்டாகப் பிரியுங்கள். கணவரும் மகளும் நேராகப் பேட்டில்ஸ்டார். அதில் சிவப்புத் தடம் உட்கார்ந்து போவது. நீலத் தடம் கால் தொங்கத் தலைகீழாகச் சுழற்றுவது. கணவருக்கு முதுகுவலி இருந்தால் இரண்டிலுமே ஏற வேண்டாம். ஃபோன், சில்லறை எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் விடுவார்கள். அதை முடித்துவிட்டு மம்மி. நீங்களும் மகனும் அந்த நேரத்தில் மினியன் பகுதிக்கு. 2025 பிப்ரவரியில்தான் அதைத் திறந்தார்கள்; புதுசு என்பதால் சின்னப் பிள்ளைகள் கூட்டமெல்லாம் அங்கேதான் போகும், ஆகவே காலையிலேயே. பதினொன்றரைக்கு எல்லோரும் ஒன்றுசேர்ந்து சாப்பிட்டுவிடுங்கள். ஒரு மணிக்குப் போனால் தட்டைப் பிடித்துக்கொண்டு நாற்காலி தேட வேண்டும். சாப்பிட்டதும் படகு ரைடில் ஏறாமல், கொஞ்சம் நேரம் கழித்துப் போங்கள்.

அந்தப் படகில் தொப்பலாக நனைவீர்கள். உடம்பைக் காயவைக்கக் காசு போட்டால் சூடான காற்று வீசும் கூண்டு வெளியே வைத்திருக்கிறார்கள். அதற்குக் கொடுக்கிற காசுக்கு ஒரு மாற்றுடையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. ஷூவுக்குப் பதில் பின்வார் வைத்த செருப்பு. ஃபோனுக்கு ஒரு ஜிப் உறை.

மழையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு 170 நாட்களையொட்டி இடி இடிக்கிற ஊர் அது. ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகலில்தான் பெரும்பாலும் பிடிக்கும். மின்னல் ஆபத்து என்று அறிவிப்பு வந்ததும் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அதனாலும்தான் ரோலர் கோஸ்டரைக் காலையில் வைத்தேன். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கட்டடத்துக்குள் ஓடுவது, அதை மாலைக்கு விடலாம். மழை விட்டதும் காலி வண்டிகளை ஓட்டிப் பார்ப்பார்கள். அதைக் கண்டதும் கடைகளில் ஒதுங்கியிருக்கும் கூட்டம் வருவதற்குள் போய் நின்றுவிடுங்கள். அன்றைக்குக் கிடைக்கிற மிகக் குட்டையான வரிசை அதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொரு ரைடுக்கும் எத்தனை நிமிடம் காத்திருப்பு என்று பூங்காவின் செயலி காட்டும். ஒருவர் ஃபோனிலாவது சிங்கப்பூரில் இணையம் வேலை செய்ய வேண்டும்.

சாப்பாடு. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போக முடியாது; வெளி உணவுக்கு அனுமதி இல்லை, வாசலில் பையைப் பார்ப்பார்கள். குழந்தை உணவுக்கும் மருத்துவக் காரணத்துக்கும் விலக்கு உண்டு. அத்தைக்குச் சர்க்கரை என்பதால் பிஸ்கட், ஒரு பழம், மாத்திரைகள் எடுத்துக்கொண்டு, டாக்டர் சீட்டையும் அதே பையில் வைத்து, வாசலிலேயே எடுத்துக் காட்டிவிடுங்கள். இன்சுலின் போடுபவராக இருந்தால் சீட்டு கட்டாயம். உள்ளே எகிப்துப் பகுதியில் இந்தியச் சாப்பாடு கிடைத்துவருகிறது. ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் முட்டை சேர்ந்துவிடலாம், முட்டையும் கூடாது என்று தனியாகச் சொல்லுங்கள். காலியான தண்ணீர் பாட்டில் ஆளுக்கொன்று. சிங்கப்பூர் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் உள்ளே நிரப்பிக்கொண்டே இருக்கலாம். இரவுச் சாப்பாடு தேக்காவுக்குத் திரும்பி வந்துதான் என்று முடிவு செய்துவிட்டால் யாரும் பசி ஆறவில்லை என்று முணுமுணுக்க மாட்டார்கள்.

எல்லா ரைடும் முடியுமா என்று கணவர் கேட்பார். முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. மகளிடம் மூன்று, மகனிடம் மூன்று என்று பெயர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆறும் முடிந்துவிட்டால் மற்றதெல்லாம் கொசுறு. மகன் நாலு மணிக்குத் தூங்கி வழிந்தால் நீங்கள் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள், அப்பாவும் மகளும் மூடும்வரை இருந்துவிட்டு வரட்டும். கடைசி ஒன்றரை மணி நேரத்தில் வரிசைகள் மறுபடி குறையும். பிடித்த ரைடில் இரண்டாம் தடவை ஏற அதுதான் நேரம். அதற்கு முன் உங்கள் மகனின் ஈரச் சட்டையை அப்பாவின் பையிலிருந்து வாங்கிக்கொள்ள மறக்காதீர்கள்.